‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்னும் சாக்கு

ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. ஆசிரியபீடத்தில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து எனக்கு ஓராண்டுகூட நிறைவுறவில்லை. ஞாயிறு வெளியீட்டில் அரைப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்புமாறு ஆசிரியர் பணித்தார். நூலகத்திலிருந்து இரண்டு நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு, ‘சனநாயகத்தின் தொட்டில் ஏதென்ஸ்’ என்ற தலைப்பில் ஒரே இருப்பில் ஒரு கட்டுரையை எழுதி முடித்தேன். பெரிக்கிளிஸ் வந்தார், சோக்கிரட்டிஸ் வந்தார், பார்த்தினன் கோயிலின் பளிங்குத் தூண்களும் வந்தன. அச்சுக்கோப்புப் பகுதியிலிருந்த முதியவர் ஒருவர் அதைக் கோத்து முடித்து, பிழைதிருத்தும் படியை என்னிடம் நீட்டியபடி கேட்டார்: “தம்பி, நல்லா எழுதியிருக்கிறியள். உந்த ஊரிலை கூலி வேலை செய்தவனுக்கும் வாக்கு இருந்ததோ?”

எனக்கு விடை தெரியவில்லை. “பார்த்துச் சொல்லுறன் ஐயா” என்றேன். பார்க்கவில்லை, சொல்லவுமில்லை. கட்டுரை எழுதியவாறே வெளிவந்தது. சிலர் பாராட்டினர். அந்த முதியவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய கேள்வி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அண்மையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் அந்தக் கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. பண்டைய நாகரிகங்களின் பெருமையைப் பேசவந்த அறிஞர் ஒருவர், அடிமைமுறை பற்றிச் சபையிலிருந்து எழுந்த ஓர் ஐயத்துக்கு இவ்வாறு விடையிறுத்தார்: ஏற்றத்தாழ்வு எங்கும் இருந்தது, எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தனர், அந்தக் காலம் அப்படித்தான், இன்றைய அளவுகோலைக் கொண்டு அன்றைய வாழ்வை அளப்பது முறையன்று, மேலும் கீழும் இல்லாமல் எந்த நாகரிகமும் எழுந்ததில்லை. மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. கேள்வி கேட்டவர் அமர்ந்துவிட்டார்.

அந்தக் கைதட்டலுக்குத்தான் இந்தக் கட்டுரை மறுப்புரைக்கிறது. அறிஞர் கூறியதில் மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன. எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தனர் என்பது ஒன்று. இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது என்பது இரண்டு. ஏற்றத்தாழ்வு இன்றேல் நாகரிகம் இல்லை என்பது மூன்று. மூன்றும் தவறானவை என்பதே என் வாதம். அதுமட்டுமன்று, அவை கேடற்ற தவறுகளும் அல்ல. இன்று நடக்கும் அநீதிக்குப் பண்டைக் காலத்திலிருந்து வாங்கிவரும் நற்சான்றிதழ்கள்.

முதலில் பாபிலோனுக்குப் போவோம். கி.மு. 1792 முதல் 1750 வரை அங்கு ஆட்சிபுரிந்த ஹம்முராபியின் சட்டத்தூண் 1901-02 காலப்பகுதியில் ஈரானின் சூசா நகரில் பிரெஞ்சுத் தொல்லியலாளரால் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது பாரிசிலுள்ள லூவர் நூதனசாலையில் நிற்கிறது. இரண்டேகால் மீற்றர் உயரமான அந்தக் கருங்கல்லில் ஏறத்தாழ 282 விதிகள் ஆப்பெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ‘கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்’ என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்தோமே, அது இங்கேயும் உண்டு. ஆனால் பாடநூல் நமக்குச் சொல்லாமல் விட்டது என்னவெனில், கண்ணுக்குக் கண் என்பது எல்லாக் கண்களுக்கும் உரிய விதியன்று என்பதே.

அச்சமூகத்தில் அவீலும் எனப்பட்டோர் மேற்குடியினர். முஷ்கேனும் எனப்பட்டோர் அவர்களுக்குக் கீழான குடியினர். வார்தும் எனப்பட்டோர் அடிமைகள். மேற்குடியினன் இன்னொரு மேற்குடியினனின் கண்ணைக் கெடுத்தால், அவனுடைய கண்ணும் கெடுக்கப்படும். அவனே கீழ்க்குடியினன் ஒருவனின் கண்ணைக் கெடுத்தால், ஒரு மினா, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ வெள்ளி கொடுத்தால் போதும். இன்னொருவனின் அடிமையின் கண்ணைக் கெடுத்தால், அந்த அடிமையின் விலையில் பாதி. அதுவும் கண்ணிழந்தவனுக்கு அன்று, அவனுடைய உடைமையாளனுக்கே. கன்னத்தில் அறைவதற்கும் இதே போன்ற விலைப்பட்டியல் உண்டு. தனக்கு ஒப்பானவனை அறைந்த மேற்குடியினன் வெள்ளி கொடுப்பான். தனக்கு மேலானவனை அறைந்தால் சபை நடுவே மாட்டுச்சவுக்கால் அறுபது அடி வாங்குவான். மேற்குடியினனை அறைந்த அடிமைக்குக் காது அறுக்கப்படும். ஓடிவந்த அடிமைக்குத் தன் வீட்டில் புகலிடம் கொடுத்தவனுக்கு மரணம்.

இதே தூணின் முடிவுரையில் மன்னன், வலியவன் மெலியவனை நசுக்காதிருக்கவும் விதவையும் அநாதையும் நீதி பெறவுமே இந்தச் சட்டங்களை எழுதிவைத்ததாகக் கூறுகிறான். தூணின் உச்சியிலோ, நீதிக்குரிய தெய்வமான சூரியக் கடவுள் ஷமாஷ் அரியணையில் அமர்ந்திருக்க, அவர்முன் ஹம்முராபி நிற்கும் சிற்பம் உள்ளது. மேலே தெய்வம், அதன் கீழே மன்னன், அதன் கீழே விலைப்பட்டியல். மனிதர் வகுத்த அடுக்கு தெய்வத்தின் கையெழுத்தோடு கல்லில் ஏறிய விதம் இதுதான். இதைப் பாதுகாக்கும் பொறுப்பு அரசனுக்கு இருந்தது, பூசாரிக்கு இருந்தது, சவுக்கு ஏந்தியவனுக்கும் இருந்தது. இப்போது ஒரு கேள்வி. எல்லாரும் மனமுவந்து ஏற்றுக்கொண்ட ஓர் ஒழுங்குக்குக் காதறுக்கும் கத்தி எதற்கு? ஓடாத அடிமைக்குப் புகலிடம் கொடுப்பதைத் தடுக்கச் சட்டம் எதற்கு? தண்டனையின் கடுமையே எதிர்ப்பின் அளவைக் காட்டும் சாட்சி. எங்கே ‘ஓடாதே’ என்று சட்டம் அலறுகிறதோ, அங்கே மனிதர் ஓடிக்கொண்டிருந்தனர்.

இன்னும் பின்னே போவோம். சுமேரியரின் மிகப் பழைய எழுத்துப் பலகைகள் பெரும்பாலும் கணக்குகளே: பார்லி எவ்வளவு, ஆடு எத்தனை, யாருக்கு எவ்வளவு படி. அந்த எழுத்தில் ‘அடிமைப்பெண்’ என்பதைக் குறிக்கப் ‘பெண்’ என்ற குறியோடு ‘மலை’ என்ற குறியைச் சேர்த்தனர். மலைக்கு அப்பாலிருந்து, வேற்று நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவள் என்பது பொருள். எழுத்தின் குழந்தைப் பருவத்திலேயே அந்தப் பெண் ஒரு கணக்கு உருப்படி ஆகிவிட்டாள். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. கி.மு. 2400 அளவில் லகாஷ் நகரத்து ஆட்சியாளரின் கல்வெட்டுகளில் ‘அமார்கி’ என்றொரு சொல் வருகிறது. கடனுக்காக அடிமைப்பட்டவர்களை விடுவித்து வீட்டுக்கு அனுப்புவதை அது குறித்தது. அதன் நேர்ப்பொருளைத் ‘தாயிடம் திரும்புதல்’ என்று மொழியறிஞர் விளக்குவர். அடிமையைக் குறிக்கச் சொல் கண்ட மக்களே விடுதலையைக் குறிக்கவும் சொல் கண்டனர். நாலாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே ‘இது கூடாது’ என்ற உணர்வுக்குச் சொல் இருந்தது. அப்படியிருக்க, அந்த உணர்வை ‘இன்றைய அளவுகோல்’ என்று எப்படிச் சொல்வது?

இனி, என் இளமைக் கட்டுரையின் நாயகனான ஏதென்சுக்கு வருவோம். கி.மு. 451 இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, தந்தை தாய் இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருந்தால்தான் மகன் குடிமகன் ஆவான். பெண்களுக்கு வாக்கில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து, அங்கேயே வரி கட்டி, அங்கேயே போருக்குச் சென்ற ‘மெட்டிக்’ எனப்பட்ட வெளியூராருக்கு வாக்கில்லை. நிலம் வாங்கும் உரிமையும் பொதுவாக இல்லை. அடிமைகள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் தீராத வாதம் உண்டு. ஆனால் வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் சுரங்கத்திலும் அவர்கள் இல்லாத இடமில்லை என்பதில் வாதமே இல்லை. லோரியன் வெள்ளிச் சுரங்கங்களில் வேலைசெய்ய 1,000 அடிமைகளை, தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் ஓபொல் என்ற வாடகைக்கு நிக்கியாஸ் என்ற படைத்தலைவர் விட்டிருந்தார் என்று செனபோன் எழுதிவைத்துள்ளார். கி.மு. 483 இல் அந்தச் சுரங்கத்தில் புதிதாகக் கிடைத்த வெள்ளியைக் கொண்டுதான் தெமிஸ்டக்கிளிஸ் கப்பற்படையைக் கட்டுவித்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரிடமிருந்து கிரேக்கரின் ‘சுதந்திரத்தை’ மீட்டது அந்தக் கப்பற்படைதான். சுரங்கத்துக்குள் நெளிந்து சென்று அந்த வெள்ளியை வெட்டியவனுக்கு அந்தச் சுதந்திரத்தில் ஓர் ஓபொல் பங்கும் இல்லை.

அடிமை நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டுமானால், சித்திரவதை செய்து பெற்ற வாக்குமூலமே செல்லும் என்பது ஏதென்சின் விதி. அவன் தானாக உண்மை பேசமாட்டான் என்பது அவர்கள் கொண்டிருந்த கருத்து. அவ்வாறு கருதப்பட்டவர்கள் தங்கள் உண்மையைக் கால்களால் பேசினார்கள். கி.மு. 413 இல் ஸ்பார்ட்டாப் படை ஏதென்சுக்கு அருகே தெக்கெலியாவில் நிலைகொண்டபோது 20,000 இற்கு மேற்பட்ட அடிமைகள் ஏதென்சிலிருந்து தப்பியோடினர் என்று துசிடிடிஸ் குறிப்பிடுகிறார். ஓடிய இடத்தில் அவர்களுக்குச் சொர்க்கம் காத்திருக்கவில்லை. ஆனாலும் ஓடினார்கள். ‘எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தனர்’ என்று சொல்பவர்கள், அந்த எல்லாருக்குள் இந்த இருபதாயிரம் பேரையும் சேர்த்து எண்ணினார்களா?

ஏதென்சில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்று வாதிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டைமாருக்கு அந்த வாதம் பயன்பட்டிருக்கிறது. அதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் அவருடைய நூலையே சரியாகப் படிப்பதில்லை. அதே இடத்தில் அவர், அடிமைமுறை இயற்கைக்கு மாறானது, அது சட்டத்தாலும் வன்முறையாலும் உண்டானது, ஆதலால் அநீதியானது என்று கருதுவோரும் உள்ளனர் என்று குறிப்பிட்டு, அவர்களுக்கு மறுமொழி சொல்லவே முனைகிறார். எதிர்க்கருத்தே இல்லாத காலத்தில் மறுமொழி எதற்கு? அவருக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த அல்கிடமாஸ் என்ற நாவலர், இயற்கை எவரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்று வெளிப்படையாகவே வாதிட்டவர். ஆக, அந்தக் காலத்தில் இரண்டு கருத்துகள் இருந்தன. நாம் ஒன்றை ‘அந்தக் காலம்’ என்று அழைத்து, மற்றதை மறந்துவிட்டோம்.

இன்னுமொன்று. அரிஸ்டாட்டில் ஸ்டஜீராவில் பிறந்தவர். ஏதென்சில் அவரும் ஒரு மெட்டிக். மனிதகுலத்தை ஆள்வோர், ஆளப்படுவோர் என்று இயற்கை பிரித்துவிட்டதாகக் கற்பித்த அந்த மாமேதைக்கு, தாம் கற்பித்த நகரத்தின் சபையில் கையுயர்த்தும் உரிமை இருக்கவில்லை. அவருடைய மரணசாசனம் பின்னாளைய நூலொன்றின் வழியாக நமக்குக் கிடைத்துள்ளது. அதில் தம் அடிமைகள் சிலரை விடுதலை செய்யுமாறும், தமக்குப் பணிவிடை செய்த பிள்ளைகளை விற்கலாகாது, தக்க வயது வந்ததும் தகுதியுடையோரை விடுவிக்க வேண்டும் என்றும் எழுதிவைத்துள்ளார். இயற்கை அடிமையாகப் படைத்தவரை ஒரு சாசனம் எப்படிச் சுதந்திரராக்கும்? வாழ்நாளெல்லாம் எழுதிய தத்துவத்தை, சாகும் வேளையில் அவரே சில வரிகளால் திருத்திவிட்டார் என்றே நான் படிக்கிறேன்.

ஸ்பார்ட்டாவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஹெலொட்டுகள் எனப்பட்ட மக்கள் அங்கு நிலத்தோடு பிணைக்கப்பட்டு, ஸ்பார்ட்டாவின் வீரர்களுக்காக உழுதனர். ஆண்டுதோறும் பதவியேற்கும் ஆட்சிக்குழு அந்த ஹெலொட்டுகள்மீது முறைப்படி போர்ப் பிரகடனம் செய்தது. அவர்களைக் கொல்வது பாவமாகாதிருக்க அந்த ஏற்பாடு. கி.மு. 464 அளவில் நிலநடுக்கம் ஸ்பார்ட்டாவை உலுக்கியவுடன் ஹெலொட்டுகள் கிளர்ந்தெழுந்து இத்தோமி மலையில் நின்று ஆண்டுக்கணக்கில் போரிட்டனர். பின்னர் ஒருமுறை, போரில் சிறந்த சேவை புரிந்தோம் என்று கருதும் ஹெலொட்டுகள் முன்வரலாம், விடுதலை தருவோம் என்று ஸ்பார்ட்டா அறிவித்தது. ஏறத்தாழ 2,000 பேர் தெரிவுசெய்யப்பட்டனர். தலையில் மாலை சூடிக் கோயில்களை வலம்வந்தனர். அதன்பின் அவர்கள் காணாமற்போயினர். ஒவ்வொருவரும் எப்படி மடிந்தனர் என்பதை எவரும் அறியார் என்கிறார் துசிடிடிஸ். காணாமலாக்கப்படுதல் என்றால் என்ன என்பதை ஈழத்தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அது இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் நடந்ததால் ‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்று நாம் சொல்லிவிடலாமா? சொன்னால், இன்னும் சில நூற்றாண்டுகள் கழிந்தபின் நம்மைப் பற்றியும் அதையே சொல்ல இடங்கொடுத்தவர்கள் ஆவோம்.

உரோமாபுரியில் கி.பி. 61 இல் நடந்த ஒரு விவாதம், மேடையில் அறிஞர் பேசிய பேச்சை அப்படியே நினைவூட்டுகிறது. நகரத்தின் உயரதிகாரியான பெடானியஸ் செகுண்டஸ் என்பவரை அவருடைய அடிமை ஒருவன் கொன்றுவிட்டான். அத்தகைய வேளையில் அதே கூரையின்கீழ் இருந்த அடிமைகள் அனைவரையும் கொல்ல வேண்டும் என்பது மூதாதையர் வழக்கு. அந்த வீட்டில் 400 அடிமைகள் இருந்தனர். பெண்களும் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். செனற் சபையில் காசியஸ் லோங்கினஸ் என்ற புகழ்பெற்ற சட்ட அறிஞர் எழுந்து, முன்னோர் வகுத்த வழக்கை மாற்ற நாம் யார், அச்சமின்றி இந்தக் கூட்டத்தை அடக்க முடியாது, அப்பாவிகளும் சாவார்கள்தான், ஆயினும் பொதுநன்மை பெரிது என்று வாதிட்டார். சபை இணங்கியது. இணங்காதவர்கள் யார் தெரியுமா? தெருவில் நின்ற சாதாரண உரோம மக்கள். கல்லும் தீப்பந்தமும் ஏந்தி அவர்கள் திரண்டு தண்டனையைத் தடுக்க முற்பட்டனர். நீரோ மன்னன் தெரு நெடுகப் படைவீரரை நிறுத்தி, அவர்களுக்கிடையே அந்த நானூறு பேரையும் கொண்டுசென்று கொல்வித்தான். இதை எழுதிவைத்தவர் டசிட்டஸ்.

இப்போது சொல்லுங்கள், ‘அந்தக் காலம்’ எது? செனற் சபையில் மரபை மேற்கோள் காட்டிய சட்ட அறிஞரா, தெருவில் கல்லேந்திய மக்களா? நானூறு பேருக்காகத் தெருவில் இறங்கியவர்கள் இருபதாம் நூற்றாண்டின் மனித உரிமைப் பிரகடனத்தைப் படித்துவிட்டு வரவில்லை. அவர்களும் அந்தக் காலத்தவரே. நான் அந்தக் காலத்தின் அளவுகோலைக் கொண்டே அந்தக் காலத்தை அளக்கிறேன். அன்று இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஆண்டவனின் கையில் ஒன்று, அடிபட்டவனின் கையில் ஒன்று. ‘காலத்தோடு பொருத்திப் பார்’ என்று நமக்கு அறிவுரை சொல்பவர்கள் உண்மையில் சொல்வது, முதலாவது அளவுகோலை மட்டும் எடுத்துக்கொள் என்பதே. இது வரலாற்று நிதானம் அன்று, பக்கச்சார்பு.

மூன்றாவது கூற்றுக்கு வருகிறேன். மேலும் கீழும் இல்லாமல் நாகரிகம் எழாது என்பர்; எகிப்தின் பிரமிட்டுகளைச் சான்று காட்டுவர். கூபு மன்னனின் பெரும் பிரமிட்டு ஏறத்தாழ 23 இலட்சம் கற்களால் ஆனது. அதைக் கட்டியவர்களின் கல்லறைகள் 1990 முதல் கிசாவில் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. சவுக்கடிக்குக் கீழ்ப்பட்ட அடிமைக் கூட்டம் என்ற பழைய சித்திரத்தை அவை மாற்றிவிட்டன. அவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, அப்பமும் பியரும் படியாகப் பெற்று உழைத்தவர்கள். ஆயினும் அவர்களுடைய எலும்புகள் பாரம் சுமந்து தேய்ந்த முதுகுகளைக் காட்டுகின்றன. கல்லை அளந்தது, வெட்டியது, ஏற்றியது அந்த முதுகுகள். பெயர் பெற்றது கூபு.

அந்த உழைப்பாளிகளின் வழித்தோன்றல்கள் என்று நான் மதிக்கும் வேறு சிலர் இருக்கின்றனர். மூன்றாம் ராம்செசின் இருபத்தொன்பதாவது ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1157 அளவில், அரசர்களுக்குக் கல்லறை அமைக்கும் தெய்ர் எல் மதீனாக் கிராமத்துத் தொழிலாளர், தானியப் படி வராததால் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் காவலரண்களைக் கடந்து சென்று கோயிலின் பின்னே குந்தியிருந்தனர். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், உடையில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, மரக்கறியில்லை என்று முறையிட்டனர். எழுத்தர் ஒருவர் எழுதிவைத்த பாப்பிரசு ஏடு இத்தாலியின் தூரின் நகர நூதனசாலையில் இருக்கிறது. எழுத்தில் பதிவான உலகின் முதல் வேலைநிறுத்தம் என்று அதைக் கூறுவர். தேவனாகிய அரசனின் நித்திய வீட்டைக் கட்டியவர்கள், தங்கள் வயிறு அரசனின் நித்தியத்தைவிட முக்கியமானது என்று அன்றே அறிவித்துவிட்டனர். பின்னர் படி வழங்கப்பட்டது.

ஆகவே நாகரிகத்தைக் கட்டியது படிவரிசை அன்று, கூட்டுழைப்பும் அறிவும். படிவரிசை செய்தது, அந்த உழைப்பின் விளைவை யார் எடுத்துச்செல்வது என்று தீர்மானித்தது. கூட்டுழைப்பு வேறு, அதன்மேல் ஏறி அமர்ந்திருத்தல் வேறு. மாடு இழுப்பதால் வண்டி ஓடுகிறது. வண்டியில் அமர்ந்திருப்பவர், தாம் அமர்ந்திருப்பதால்தான் வண்டி ஓடுகிறது என்று சொன்னால் நம்பலாமா? சிந்துவெளியைப் பாருங்கள். மொகஞ்சதாரோவில் அரண்மனை என்றோ அரசனின் கல்லறை என்றோ ஐயத்துக்கிடமின்றிச் சுட்டத்தக்க ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை. கிடைத்தவை சீரான செங்கற்கள், நேரான தெருக்கள், வீடுதோறும் கழிவுநீர் செல்லும் வாய்க்கால்கள். பெரிய வீடும் சிறிய வீடும் அங்கும் இருந்தன. அதைச் சமத்துவப் பூங்கா என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தை இன்னும் வாசிக்க முடியவில்லை. ஆனால் ஒரு மாபெரும் நகரம் தன் திறமையை அரசனின் சமாதியில் கொட்டாமல் மக்களின் வாய்க்காலில் கொட்டியிருக்க முடியும் என்பதை அந்தச் செங்கற்கள் காட்டுகின்றன.

இவ்வளவையும் கேட்டபின் நம்மவரில் ஒருவர் எழுந்து, அதெல்லாம் கிரேக்கரும் உரோமரும் செய்த கொடுமை. தமிழர் அப்படியல்லர் என்பார். தமிழன் என்ற உணர்வு எனக்கும் உண்டு. அந்த உணர்வு உண்மையைக் கண்டு அஞ்சுமானால், அது எனக்கு வேண்டாம். புறநானூற்றில் ‘இழிசினன்’, ‘இழிபிறப்பாளன்’ என்ற சொற்கள் வருகின்றன. அவை பின்னாளைய தீண்டாமையைக் குறிப்பனவா இல்லையா என்று ஆய்வாளர் வாதிடட்டும். பிறப்போடு இழிவைச் சேர்க்கும் சொல்லைப் புலவர் கையாண்டார் என்பதில் வாதமில்லை. தொல்காப்பியம் ‘அடியோரையும் வினைவலரையும்’ அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்துகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள் ஊர்களின் நிலக்கணக்கில் ‘பறைச்சேரி’யையும் ‘தீண்டாச்சேரி’யையும் பெயர்சொல்லித் தனியே குறிக்கின்றன. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றிய விதிகள் உண்டு. எவ்வெச் சாதியார் அடிமைகள் என்று அது பெயர் குறிக்கிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1844 இல். நம் பாட்டனாரின் பாட்டனார் காலம். ‘பண்டைக் காலம்’ அன்று.

1957 இல் சமூகக் குறைபாடுகளுக்கு எதிரான சட்டம் நாட்டில் நிறைவேறியது. அதற்குப் பதினோராண்டுகளுக்குப் பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் உள்ளே சென்று வணங்க உரிமை கேட்டு அமர்ந்தவர்களை உள்ளே விடாது தடுத்தனர். தடுத்தவர்கள் முன்வைத்த வாதம் என்ன? மரபு. முன்னோர் வழக்கு. காசியஸ் லோங்கினஸ் உரோமாபுரியில் எடுத்த அதே ஆயுதம், பத்தொன்பது நூற்றாண்டுகள் கழித்து, நம் கோயில் வாசலில், நம் மொழியில். பண்டைய வரலாற்றுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இதுதான். ‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்று கைதட்டுபவன், தன்னை அறியாமலே ‘எந்தக் காலமும் அப்படித்தான்’ என்பதற்கும் கைதட்டுகிறான்.

நம் மரபிலும் மற்றக் குரல் இல்லாமலில்லை. பெரியோரை வியத்தலும் வேண்டா, சிறியோரை இகழ்தலும் வேண்டா என்ற கருத்தைப் பாடிய கணியன் பூங்குன்றனாரும் அந்தக் காலத்தவரே. சாதியின் பொருளின்மையை நேர்நின்று கேட்ட சிவவாக்கியரும் நம்மவரே. மரபைக் காக்க விரும்புகிறவர்கள் இந்த மரபைக் காக்கலாமே! இழிசினன் என்ற சொல்லும் நம் முதுசொம். அதை மறுத்த குரலும் நம் முதுசொம். எதை எடுத்துக்கொள்வது என்பது முன்னோரின் முடிவன்று, நம் முடிவு. அந்தப் பொறுப்பை முன்னோரின் தலையில் கட்டுவது கோழைத்தனம்.

நான் மறுக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இறந்தவரைக் கூண்டில் ஏற்றித் தண்டிப்பது வரலாற்றின் வேலையன்று. அரிஸ்டாட்டிலின் தருக்கநூலை எரிக்க வேண்டியதில்லை. பார்த்தினனை இடிக்க வேண்டியதில்லை. தஞ்சைக் கோபுரத்தைப் பார்த்து நெஞ்சு நிமிர்வதும் குற்றமன்று. நான் கேட்பது கணக்கு மட்டுமே. பெருமையை எழுதும் பக்கத்திலேயே அதன் விலையையும், அந்த விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். பாடநூலில் சலாமிஸ் வெற்றி இருந்தால் லோரியன் சுரங்கமும் இருக்கட்டும். ஹம்முராபியின் நீதி இருந்தால் அறுந்த காதும் இருக்கட்டும்.

அந்த அச்சுக்கோப்பாளருக்கு நான் சொல்லாமல் விட்ட விடையை இப்போது சொல்கிறேன். ஏதென்சின் அக்ரோப்பொலிசில் எரெக்தியம் என்ற கோயிலைக் கி.மு. 409 முதல் கட்டி முடித்தபோது, கூலிக் கணக்கைக் கல்லில் பொறித்து வைத்தனர். ஒரே தூணுக்குப் பள்ளம் செதுக்கிய வேலையாட்களின் பெயர்கள் அதில் உள்ளன. சிலர் குடிமக்கள், பலர் மெட்டிக்குகள், சிலர் அடிமைகள். ஒரே வேலை, ஒரே உளி, ஒரே கூலி. அடிமையின் கூலி மட்டும் பெரும்பாலும் ஆண்டையின் கைக்குப் போயிருக்கும். ஐயா, அந்த ஊரில் கூலி வேலை செய்தவனுக்கும் வாக்கு இருந்தது. ஆனால் ஒரே தூணில் வேலைசெய்த மூவரில், பிறப்பால் தகுதி பெற்ற ஒருவனுக்கு மட்டுமே இருந்தது. மற்ற இருவரும் செதுக்கிய பள்ளத்துக்கும் அவன் செதுக்கிய பள்ளத்துக்கும் வேறுபாட்டை இன்றுவரை எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று அந்தக் கட்டுரையை எழுதியபோது எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதே சரி. அடுத்த மேடையில் எவரேனும் ‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்று கூறினால், கைதட்டுவதற்கு முன் யாராவது எழுந்து ‘யாருக்கு?’ என்று கேளுங்கள்.